டைம் ஆபீஸ் கற்றுத் தந்த கணக்கு

கோவை நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில் கிளார்க்காகத்தான் என் வேலை தொடங்கியது. கேட்டை ஒட்டிய சிறிய அறை, கம்பி போட்ட ஜன்னல், அலமாரி நிறைய மஸ்டர் ரோல். ஷிப்டுக்கு வந்தவர், வராதவர், பாதியில் போனவர், லீவு சொன்னவர், சொல்லாமல் நின்றவர் எல்லாரும் அந்த நோட்டில் ஒரு கட்டமாக இருப்பார்கள். பிறகு மில்லை விட்டு வெளியே வந்து, சிறு தொழிற்கூடங்களுக்கு பிஎஃப், ஈஎஸ்ஐ கணக்குப் பார்க்கும் ஆலோசகராகவும் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவனாகவும் ஆனேன். ஜன்னலின் இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. வேலைக்கு என்ன பெயர் வைத்தாலும் சட்டம் எண்ணுவது நாட்களை. அந்த நாட்களுக்குச் சாட்சி வைத்திருப்பவருக்கே உரிமை நிலைக்கிறது.

நான் சேர்ந்த காலத்தில் மில்லுக்குள் பல வகைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தை ஒட்டி வந்த வகைகள் அவை: நிரந்தரம், தகுதிகாண் பருவம், பதிலி, தற்காலிகம், கேஷுவல், அப்ரண்டிஸ். தற்காலிகத் தொழிலாளி என்றால் குறிப்பிட்ட காலத்தில் முடிந்துவிடக்கூடிய வேலைக்கு எடுக்கப்பட்டவர். கேஷுவல் என்றால் எப்போதாவது வரும் சில்லறை வேலைக்கு வருபவர். பதிலி என்றால் நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் நிற்பவர்.

இந்தப் பதிலிகளைத்தான் நான் நெருங்கிப் பார்த்தேன். பகல் ஷிப்டுக்கு முன்னால் கேட்டில் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி உள்ளே ஆள் குறைவை எண்ணிவிட்டு வந்து, "ஸ்பின்னிங்குக்கு நாலு பேரு, கோன் வைண்டிங்குக்கு ரெண்டு பேரு" என்பார். பெயர் விழுந்தவர் டோக்கன் வாங்கி உள்ளே போவார். விழாதவர் அரை நைட்டுக்கு மறுபடியும் வந்து நிற்பார். முகூர்த்த மாதங்களிலும் ஊர் நோம்பி சமயத்திலும் நிரந்தரத் தொழிலாளர்கள் லீவு எடுப்பதால் பதிலிகளுக்கு வேலை நிறையக் கிடைக்கும். மற்ற மாதங்களில் அந்த அளவுக்கு இருக்காது. ஆனால் மஸ்டர் ரோலைப் புரட்டினால் இன்னொன்றும் தெரியும். பதிலி என்று தலைப்பிட்ட பக்கத்தில் சிலருடைய கட்டங்கள் மாதம் முழுவதும் நிரம்பியிருக்கும். யாருக்கும் பதிலாக இல்லாமல், தனக்கென்று ஒரு ப்ரேமில் வருஷக்கணக்காக நின்றவர்கள் அவர்கள். நோட்டில் தலைப்பு ஒன்று சொல்லும், கட்டங்கள் வேறொன்று சொல்லும். சட்டம் கட்டங்களைத்தான் பார்க்கிறது என்பதை அங்கேதான் கற்றேன்.

தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு இதில் பெரிய துணை ஒன்று இருக்கிறது. தொழில் நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்க 1981-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டம் அது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ச்சியாகப் பணி செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். பதிலித் தொழிலாளியும் இதில் அடக்கம். கட்டட வேலை நிறுவனங்களுக்கும், பருவகாலத்தில் மட்டும் நடக்கும் தொழில்களுக்கும் பொருந்தாது. உடல்நலக் குறைவு, அனுமதி பெற்ற லீவு, விபத்து, சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தம், கதவடைப்பு, தொழிலாளியின் குற்றமில்லாமல் வேலை நின்றுபோன காலம் ஆகியவை தொடர்ச்சியை உடைக்காது. மில் வட்டாரத்தில் இதற்கு 480 நாள் சட்டம் என்றே பெயர்.

இந்தச் சட்டத்துக்குப் பயந்து சில நிர்வாகங்கள் செய்ததுதான் பிரேக் கொடுப்பது. 480-ஐ நெருங்கும் பெயர்களைத் தனித் தாளில் எழுதி மேலே அனுப்பச் சொல்வார்கள். அடுத்த சம்பளத்தோடு அந்தப் பெயர்களுக்குக் கணக்கு முடித்து, பத்துப் பதினைந்து நாள் வீட்டில் இருந்துவிட்டு வரச் சொல்வார்கள். திரும்பி வந்தால் புது டோக்கன் நம்பர், புதுச் சேர்ந்த தேதி. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் 24 மாதத்துக்கு 624 நாள். அதில் 480 இருந்தால் போதும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியால் அந்த எண்ணிக்கை குறைந்துவிடாது. நிர்வாகமே வீட்டில் இருக்கச் சொன்ன நாட்கள் தொழிலாளியின் குற்றமும் ஆகாது. பிரேக்கின் பலமெல்லாம் தொழிலாளிக்குக் கணக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் இருந்தது.

நான் வெளியே வந்த பிறகு கோன் வைண்டிங் பெண் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வேறொரு மில், அதே பிரேக் கதை. இரண்டு டோக்கன் நம்பர் கொடுத்திருந்தார்கள். முதல் டோக்கனில் வேலை செய்தவர் வேறு ஆள் என்பதுபோல நிர்வாகம் பேசியது. அவர் பழைய சம்பளக் கவர்களை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு கவரிலும் அந்த மாதம் எத்தனை நாள் என்று எழுதியிருந்தது. அதைவிட முக்கியமான ஒன்று அவருடைய ஈஎஸ்ஐ அட்டை. டோக்கன் நம்பர் மாறலாம், காப்பீட்டு எண் மாறாது. இரண்டு டோக்கனுக்கும் அதே எண்ணில்தான் மில்லே சந்தா கட்டியிருந்தது. கவர்களைத் தேதி வரிசையில் அடுக்கி, நாட்களைக் கூட்டி, பக்கத்தில் சந்தா விவரத்தை வைத்து, தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுதினோம். விசாரணைக்கு வந்த நிர்வாகத் தரப்பு தன் கையெழுத்து இருந்த கவர்களை மறுக்க முடியவில்லை. கடைசியில் நிரந்தரப் பட்டியலில் பெயர் ஏறியது. "எனக்கு வேற ஒண்ணும் பெருசா வேண்டாமுங்க. பொங்கல் கழிச்சு வேலை இருக்குதுங்களான்னு மேஸ்திரிகிட்டப் போயி நிக்காம இருந்தாச் சரிங்க" என்றார் அவர். நிரந்தரம் என்பதன் மதிப்பை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த மதிப்பு சம்பளத்தில் மட்டும் இல்லை. நிரந்தரத் தொழிலாளியை நினைத்த மாத்திரத்தில் வெளியே அனுப்ப முடியாது. ஆட்குறைப்பு என்றால், 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்த எவருக்கும் ஒரு மாத நோட்டீசும், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் சொன்னது. இது நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 240 நாள் முடித்த தற்காலிகத் தொழிலாளிக்கும் உண்டு. குறிப்பிட்ட கெடு போட்டு எழுதிய ஒப்பந்தம் கெடு தேதியில் முடிந்தால் மட்டும் அது ஆட்குறைப்பு ஆகாது என்று 1984-இல் ஒரு விலக்கு சேர்ந்தது. கெடு தேதி போட்ட ஆர்டரில் கையெழுத்துப் போடும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காலம் மாறியது. பழைய மில்கள் ஒவ்வொன்றாக மூடின. ஃபவுண்டரி, பம்ப், இன்ஜினியரிங் தொழிற்கூடங்களில் வேலை வளர்ந்தபோது பதிலியின் இடத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி வந்தார். பதிலிக்கு முதலாளி யார் என்ற சந்தேகம் இருந்ததில்லை. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு முதல் சந்தேகமே அதுதான். மெஷின் ஆலையுடையது, வேலை சொல்பவர் ஆலையின் சூப்பர்வைசர், சம்பளம் போடுபவர் மட்டும் கான்ட்ராக்டர்.

இவர்களுக்காக 1970-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இரண்டு பேரைப் பொறுப்பாக்கியது. சம்பளம் தர வேண்டியவர் கான்ட்ராக்டர். அவர் தவறினால் முதன்மை வேலையளிப்பவரான ஆலையே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். பிஎஃப், ஈஎஸ்ஐ சந்தாவிலும் இதே நிலைதான். கான்ட்ராக்டர் ஓடிவிட்டார் என்று சொல்லி ஆலை கையை விரிக்க முடியாது. ஆலைக்குள்ளேயே ஆயுசு முழுக்க நடக்கும் வேலைக்குக் கான்ட்ராக்ட் ஆளை வைத்தால் தானாக நிரந்தரம் ஆகிவிடுவாரா? 2001-இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தானாக ஆகாது என்றது. கூடவே இன்னொன்றையும் சொன்னது: கான்ட்ராக்ட் என்பது வெறும் போர்வை, உண்மையில் ஆலைதான் முதலாளி என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபணமானால் அந்தத் தொழிலாளர்கள் ஆலையின் தொழிலாளர்களே. யார் ஆள் எடுத்தது, யார் வேலை சொன்னது, லீவு கொடுத்தது யார், தண்டித்தது யார் என்ற கேள்விகளில்தான் அந்த நிரூபணம் இருக்கிறது.

ஃபவுண்டரி கோர் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் மூன்று அடையாள அட்டைகளை என் மேஜையில் பரப்பி வைத்தார். மூன்றிலும் அவர் படம். மூன்று வேறு கான்ட்ராக்டர் பெயர்கள். ஆலை ஒன்று, ஷாப் ஒன்று, அவர் நின்ற இடமும் ஒன்று. வேலையை விட்டு நின்றபோது கிராஜுட்டி கேட்டிருக்கிறார். எந்தக் கான்ட்ராக்டரிடமும் ஐந்து வருஷம் முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவருடைய பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்தோம். 2014 முதல் நடைமுறையில் இருக்கும் யூஏஎன் எண்ணை நான் தொழிலாளியின் சொந்த மஸ்டர் ரோல் என்றே சொல்வேன். எந்த மாதத்துக்கு எந்த நிறுவனம் எவ்வளவு கட்டியது என்பது அதில் வரிசையாக இருக்கிறது. ஒரு கான்ட்ராக்டரின் கடைசி மாதத்துக்கு அடுத்த மாதமே இன்னொருவரின் முதல் மாதம்; நடுவில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை. மொத்தம் 11 வருஷம். கான்ட்ராக்டர்கள் வந்து போயிருக்கிறார்கள், இவர் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார்.

1972-ஆம் ஆண்டின் கிராஜுட்டிச் சட்டக் கணக்கு எளிதானது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுக்க வேண்டும். 15-ஆல் பெருக்க வேண்டும். பிறகு வருஷங்களால் பெருக்க வேண்டும். அவருக்கு 15,600 ரூபாய். வகுத்தால் நாளுக்கு 600, பதினைந்து நாளுக்கு 9,000, பதினொரு வருஷத்துக்கு 99,000 ரூபாய். அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தபோது கொஞ்ச நேரம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலாளர் துறையின் முன் நடந்த சமரசப் பேச்சில் பாஸ்புக்கையும் மூன்று அட்டைகளையும் வைத்தோம். முழுச் சேவைக்கும் சேர்த்துத் தர ஆலை ஒப்புக்கொண்டது.

கிராஜுட்டியில் இன்னும் இரண்டு விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை. பணியில் இருக்கும்போது இறந்தாலோ ஊனமுற்றாலோ ஐந்து வருஷம் என்ற நிபந்தனை கிடையாது. இரண்டாவது, நாலு வருஷம் முடிந்து ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதையே ஐந்து வருஷமாகக் கொள்ள வேண்டும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாலரை வருஷத்தில் வேலையை விட நினைப்பவர்களிடம், நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் நாட்களை எண்ணிவிட்டு வாருங்கள் என்பேன்.

பெயரால் நடக்கும் ஏமாற்றில் எனக்கு மிகவும் கோபம் வருவது பயிற்சியாளர் என்ற பெயரில்தான். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் பதிவாகி, பாடத்திட்டத்தோடு தொழில் கற்பவர் உண்மையான பயிற்சியாளர். அவருக்கு உதவித்தொகை உண்டு, பிஎஃப் இல்லை. அந்த ஏற்பாட்டில் குற்றமில்லை. ஆனால் பாடமும் இல்லாமல் பதிவும் இல்லாமல், மற்றவர்களோடு சமமாக ஷிப்ட் பார்க்கும் ஒருவரை டிரெய்னி என்று அழைத்துவிட்டால் அவர் தொழிலாளி இல்லாமல் போய்விடுவதில்லை. மேற்கு, தெற்கு மாவட்டங்களின் பல நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கல்யாணமாகாத பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுத்து, ஹாஸ்டலில் தங்கவைத்து, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். உடம்புக்கு முடியாமலோ வீட்டில் கஷ்டத்தாலோ இடையில் போன பெண்ணுக்கு அந்தத் தொகை இல்லாமல் போனது. மொத்தத் தொகை என்று சொல்லப்பட்டது அந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் சேர வேண்டிய கூலியின் ஒரு பகுதி. வேலை செய்த நாளுக்குக் கூலி அந்த மாதமே வந்து சேர வேண்டும். மூன்று வருஷம் கழித்துத் தருகிறோம் என்ற எந்தப் பேச்சையும் பெற்றோர் ஏற்கக் கூடாது.

இதற்கு எதிர்ப்புறத்தில், கெடு வைத்த வேலையிலேயே நேர்மையான வகையும் ஒன்று வந்திருக்கிறது. நிலையான கால வேலைவாய்ப்பு என்று 2018-இல் மத்திய விதிகளில் எல்லாத் தொழில்களுக்கும் சேர்க்கப்பட்டது. கான்ட்ராக்டர் நடுவில் இல்லாமல், நிறுவனமே நேரடியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு எழுத்து மூலம் எடுக்கும் வேலை. சம்பளம், வேலை நேரம், சலுகைகள் எல்லாம் அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்குக் குறையக் கூடாது. காலம் முடிந்தால் வேலை முடியும். அதுதான் இதன் பலவீனம். கான்ட்ராக்டர் மூலம் ஒரு வேலையும் நேரடியாக நிலையான கால வேலையும் கண்முன் இருந்தால், இரண்டாவதை எடுங்கள் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

இனி சம்பளச் சீட்டு. பம்ப் பட்டறை ஒன்றில் சேர்ந்த இளைஞர் ஒருவர் வந்து, "அண்ணா, எனக்கு பிஎஃப் வேண்டாமுங்க. அந்தக் காசையும் கையிலயே குடுக்கச் சொல்லுங்க, வாடகைக்கு ஆகும்" என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். அடிப்படையும் பஞ்சப்படியும் 10,000; ஸ்பெஷல் அலவன்ஸ் 6,000; மொத்தம் 16,000. பிஎஃப் பிடித்தம் 12 சதவீதம், அதாவது 1,200.

"உங்க காசு 1,200 போகுது, முதலாளி அதே அளவு போடறாரு. அதுல 833 பென்ஷனுக்குப் போகுது, மிச்சம் 367 உங்க கணக்குக்கு வருது. வேண்டாம்னு சொன்னா முதலாளி காசு உங்க கைக்கு வராது, அவருகிட்டயே நின்னுரும்" என்றேன். பிறகு அவர் கேட்காத ஒன்றைக் காட்டினேன். எல்லாருக்கும் ஒரேபோல மாதாமாதம் தரும் அலவன்சையும் பிஎஃப் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் தீர்ப்பளித்தது. வீட்டு வாடகைப் படி, ஓவர்டைம், போனஸ் போன்றவை மட்டும் சேராது. அந்தப் பட்டறையில் ஸ்பெஷல் அலவன்ஸ் எல்லாருக்கும் இருந்தது. சேர்த்தால், சட்ட உச்சவரம்பான 15,000-க்குக் கணக்குப் போட்டு அவர் பங்கு 1,800, முதலாளி பங்கு 1,800. முதலாளி மாதம் 600 ரூபாய் குறைவாகப் போட்டுக்கொண்டிருந்தார். பிடித்தத்தை நிறுத்தச் சொல்லி வந்தவர், பிடித்தம் சரியாக இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கைக்கு வரும் சம்பளத்தைக் கொண்டு குடும்பம் நடத்துபவரிடம் பிற்காலத்தைப் பற்றிப் பேசுவது கடினம். அதனால் நான் இறப்பைப் பற்றிப் பேசிவிடுவேன். லேத் ஓட்டிய ஒருவர், முப்பதுகளில் இருந்தவர், மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி இரண்டு குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தார். பிஎஃப் சேமிப்போடு சேர்ந்து வரும் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. தொழிலாளியிடம் ஒரு ரூபாயும் பிடிக்காமல், முதலாளி அரை சதவீதம் கட்டும் காப்பீடு அது. பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தொடர்ந்து 12 மாதம் பணியில் இருந்தவருக்குக் குறைந்தது இரண்டரை லட்சம். அதோடு மனைவிக்கு பென்ஷன், இரண்டு குழந்தைகளுக்கு 25 வயது வரை பென்ஷன். பத்து வருஷச் சேவை என்ற நிபந்தனை முதுமை பென்ஷனுக்குத்தான். பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு, ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே பென்ஷன் உண்டு.

அந்தக் குடும்பத்துக்கு எல்லாம் வந்து சேர்ந்தது. ஆனால் தாமதமாக வந்தது. கல்யாணத்துக்கு முன்பு அம்மா பெயரில் நாமினேஷன் எழுதியிருந்தார். கல்யாணமானதும் அது செல்லாததாகிவிடுகிறது, புதிதாக எழுத வேண்டும். அவர் எழுதவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இன்னொரு சிக்கல் பெயர். நம் ஊர் வழக்கப்படி பிஎஃப் பதிவில் முன்னால் தந்தையின் முதலெழுத்து. ஆதாரில் தந்தை பெயர் முழுதாக விரிந்து பின்னால் நின்றது. கம்ப்யூட்டருக்கு இருவரும் வேறு வேறு ஆள். உயிரோடு இருந்தால் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு கூட்டு உறுதிமொழியில் திருத்திவிடலாம். இறந்த பிறகு அந்த வேலை மனைவி தலையில் விழுகிறது. அன்றிலிருந்து யார் எந்த வேலையாக வந்தாலும் முதலில் ஆதாரையும் பிஎஃப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர், பிறந்த தேதி, நாமினேஷன் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன்.

பென்ஷனில் பெண்கள் இழப்பது அதிகம். ஆறேழு வருஷம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகும்போதோ பிரசவத்தின்போதோ நின்று, பிஎஃப் பணத்தோடு பென்ஷன் பங்கையும் எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் அந்தச் சேவைக் காலம் அழிந்துபோகிறது. பணமாக எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால், குழந்தை வளர்ந்த பிறகு வேறு எங்கே சேர்ந்தாலும் பழைய வருஷங்கள் கூடவே வரும். 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் பத்து வருஷம் முடித்தால், சம்பளத்தை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்கும் கணக்கில் 58 வயதில் மாதம் சுமார் 2,143 ரூபாய். சிறிய தொகைதான். ஆனால் மகனிடமோ மருமகளிடமோ கேட்காமல் மருந்து வாங்கிக்கொள்ளும் தொகை.

ஈஎஸ்ஐ திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்த ஊர் கோவை, 1955 ஜனவரியில். அதனால் எங்கள் ஊர்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஈஎஸ்ஐ டிஸ்பென்சரி மூன்று தலைமுறைப் பழக்கம். ஆனாலும் மருந்துச் சீட்டைத் தாண்டி அது தருவதைப் பலர் கேட்பதே இல்லை. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவரிடம் முக்கால் சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளி மூன்றேகால் சதவீதம் போடுகிறார். அதற்கு ஈடாக, நோயில் படுத்த நாட்களுக்கு வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம், பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம், வேலையில் விபத்தென்றால் குணமாகும் வரை 90 சதவீதம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடக்கும் விபத்தையும் 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் உள்ளே கொண்டுவந்தது. அவினாசி ரோட்டில் முழு நைட் முடித்து டூவீலரில் வருபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காவல் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கும் நாள்தான் பேசுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான அரையாண்டில் 78 நாளுக்குச் சந்தா இருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்ச் சம்பளம் கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. சில இடங்களில் சந்தாவை மிச்சம் பிடிக்க வந்த நாட்களைக் குறைத்துக் காட்டுவார்கள். 26 நாள் வேலை செய்தவருக்கு 12 நாள் என்று போட்டால், ஆறு மாதத்தில் 72 நாள்தான் ஆகும். ஒரு பெரிய காய்ச்சலில் படுக்கும்போதுதான் அந்தப் பொய் தொழிலாளிக்குத் தெரியவரும். அதனால் சம்பளச் சீட்டில் தொகையைப் பார்க்கும் முன் நாட்களைப் பார்க்கச் சொல்கிறேன்.

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 29 மத்தியச் சட்டங்கள் அதற்குள் அடங்கிவிட்டன. எண்கள் பெரும்பாலும் பழையவைதான். மாறியவற்றில் மூன்றைத் தொழிலாளர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். எல்லாருக்கும் எழுத்து மூலம் நியமனக் கடிதம் தர வேண்டும். நிலையான காலத் தொழிலாளிக்கு ஒரு வருஷம் முடித்தாலே கிராஜுட்டி உண்டு. அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளக் கணக்கில் சேரும்; அதனால் அடிப்படையைச் சிறிதாக்கிப் பிஎஃப்பையும் கிராஜுட்டியையும் குறைப்பது இனிக் கடினம். ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி கேட்க வேண்டிய வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்தது தொழிலாளிக்குப் பாதகம். தொழிற்சங்கங்கள் அதை எதிர்ப்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். நம் 480 நாள் சட்டம் மாநிலச் சட்டம். அந்த 29-இல் அது இல்லை. அதைக் காப்பாற்றிக்கொள்வது தமிழ்நாட்டின் கடமை.

இப்போது மஸ்டர் ரோல் போய் விரல்ரேகை மெஷின் வந்துவிட்டது. சம்பளக் கவர் போய் வங்கிக் கணக்கு வந்துவிட்டது. தொழிலாளி கையில் இருந்த தாள்கள் குறைந்துவிட்டன, போன் மட்டும் இருக்கிறது. அதனால் வேலைக்குச் சேரும் எவரிடமும் நான் சொல்வது இவ்வளவுதான். நியமனக் கடிதத்தை வாங்காமல் முதல் வாரத்தைத் தாண்டாதீர்கள். அதில் உங்களை எடுத்தது ஆலையா கான்ட்ராக்டரா என்று பாருங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு இரண்டையும் மாதம் தவறாமல் படம் எடுத்து வையுங்கள். முந்தைய மாதச் சந்தாவைக் கட்ட நிறுவனத்துக்கு 15-ஆம் தேதி கெடு. மாதக் கடைசியில் பாஸ்புக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அன்றே கேளுங்கள். ஒரு மாதத்தைக் கேட்பது எளிது. மூன்று வருஷத்தைக் கேட்பது வழக்கு.

டைம் ஆபீஸிலும் ஹெச்ஆரிலும் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் தட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் மருத்துவச் செலவு, பிரசவகாலச் சம்பளம், முதுமை பென்ஷன். மேலிடத்திலிருந்து நாளைக் குறைக்கச் சொன்னால் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் யாரும் கொடுக்கமாட்டார்கள். வந்தவரை வந்தவர் என்று பதிவதே நம் தொழிலின் முழு தர்மம். அதைச் சரியாகச் செய்தால் தொழிலாளி யாரிடமும் கெஞ்சி நிற்க வேண்டியதில்லை. தனக்குச் சேர வேண்டியதைக் கணக்கைக் காட்டி வாங்கிக்கொள்வார்.